ஒரு கட்டம் நகர்ந்த செவ்வாய்

மெயில் என்றால் வெறும் எழுத்தாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கலர் கூடாது, தடித்த எழுத்து கூடாது, கீழே பூப்போட்ட கையெழுத்து கூடவே கூடாது. என் கணினியில் இன்றைக்கும் அப்படி ஒரு பழைய மெயில் புரோகிராம்தான் ஓடுகிறது. அதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஆங்கிலத்தில் ஒல்லியான ‘ஐ’க்கு எவ்வளவு இடமோ அவ்வளவுதான் குண்டான ‘எம்’முக்கும். வெற்றிடத்துக்கும் அதே இடம். அதனால் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே பட்டியல் போடலாம்; எண்கள் ஒன்றின் கீழ் ஒன்று சரியாக உட்காரும். மற்றவர்கள் பயன்படுத்துகிற புரோகிராம்களில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும். என் பட்டியலை அதில் திறந்தால் ரேஷன் கடை வரிசை மாதிரி முன்னும் பின்னும் நெளியும்.

கடலூருக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தத் தொட்டியில் எவ்வளவு இருப்பு என்று தினமும் காலையில் ஒரு பட்டியல் என் கணினியிலிருந்து எல்லோருக்கும் போகும். “உன் மெயிலு கரண்ட் பில்லு மாதிரியே இருக்கு மச்சான்” என்று பக்கத்து மேசைக்காரன் கிண்டல் செய்வான். “படிக்கத் தெரிஞ்சவனுக்கு அது போதும்” என்பேன். பாதிப் பேர் அதைக் கைபேசியில்தான் திறக்கிறார்கள் என்பதும், அங்கே வரிசை கலைந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அது அவர்கள் பாடு என்று விட்டுவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அது பாதி உண்மை. கோபம் வந்துவிட்டால் நான் சொல்வது சரி என்று எனக்கே உறுதியாகிவிடும். அதுதான் மீதிப் பாதி.

என் தங்கைக்கு அப்போது முப்பத்திரண்டு முடிந்திருந்தது. கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அப்பா இல்லை. அம்மா, அவள், நான், என் மனைவி என்று நாலு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், அவளே இனிமேல் பார்க்க வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவள், முதல் முறையாக ஒருவரைப் பற்றித் தானாக வாயைத் திறந்தாள். அவர் சிதம்பரத்துக்காரர், கணக்கு ஆசிரியர். மத்தியானம் சாப்பிட உட்காரும் இடத்தில் பழக்கம். ஒரு மாதம் போனில் பேசியிருக்கிறார்கள். எங்கள் ஜனம்தான், விசாரித்ததில் குறை ஒன்றும் இல்லை. அம்மாவிடம் அவள் இதைச் சொன்ன சாயங்காலம், சொல்லிவிட்டு அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. அவ்வளவு வெட்கம். அவளை அப்படி நான் பார்த்ததே கிடையாது. இது எப்படியாவது கூடிவர வேண்டும் என்று நானும் மனசார நினைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பையனின் அப்பா ஓய்வு பெற்றவர். அண்ணாமலை நகரை ஒட்டி ஒரு தெருவில் சொந்த வீடு. ஜாதகத்தை மெயிலில் அனுப்பச் சொன்னார். வாட்ஸப்பில் வந்தால் பேரப்பிள்ளைகள் எதையாவது தட்டி அழித்துவிடுகிறார்களாம். எங்கள் வீட்டிலோ ஒரு வழக்கம் உண்டு. பேச்சு ஒரு நிலைக்கு வரும்வரை பெண்ணின் பிறந்த நேரத்தை வெளியே தருவதில்லை. கட்டத்தை மட்டும் கொடுப்போம், நட்சத்திரத்தைச் சொல்வோம். நேரம் கைக்குக் கை போனால் யார் என்ன செய்வார்களோ என்று அம்மாவுக்குப் பயம்.

“ஜாதக நோட்டுல நேரம் எழுதியிருக்கற மேல் பாதியை ஒரு பேப்பர் வச்சு மறைச்சுட்டு போட்டோ எடுத்து அனுப்பிடேன்ணா” என்றாள் தங்கை.

“மஞ்சக்கறை புடிச்ச நோட்டை போட்டோ எடுத்து அனுப்புறதா? மொத மொதல்ல நம்ம வீட்டுலேருந்து போறது, லட்சணமா போகணும்” என்றேன்.

கணினி முன்னால் உட்கார்ந்தேன். ராசிக் கட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சதுரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு வீடு, நடுவில் காலி. மேலே நாலு, கீழே நாலு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. முதலில் தமிழில் அடித்துப் பார்த்தேன். தமிழ் எழுத்து ஒன்றுக்கொன்று அகலம் ஒத்துவரவில்லை. ‘சூ’ போட்டால் வரி நீள்கிறது, ‘ரா’ போட்டால் குறைகிறது. எரிச்சலாகிவிட்டது. ஒவ்வொரு கிரகத்துக்கும் இரண்டு ஆங்கில எழுத்து என்று வைத்துக்கொண்டு திரும்பத் தொடங்கினேன். இப்போது எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. மேலேயும் கீழேயும் சிறு கோடுகளால் ஓர் எல்லை. வீட்டுக்கு வீடு நடுவில் கோடு இழுத்தேன், பிறகு அழித்தேன். எழுத்துகள்தான் தாமாகவே அளவெடுத்து நிற்கின்றனவே, கோடு எதற்கு? அந்தத் திமிரை இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

மேல் வரிசையில் மீனத்தில் குரு, பக்கத்தில் மேஷத்தில் லக்னம். கீழ் வரிசையில் வலது ஓரம் கன்னியில் செவ்வாய். அந்த வரிசையில் அது ஒன்றுதான். அதற்கு இடப்பக்கம் மூன்று வீடும் காலி. அந்தக் காலி வீடுகளை நான் வெறும் ஸ்பேஸால் நிரப்பியிருந்தேன். லக்னத்திலிருந்து எண்ணினால் கன்னி ஆறாம் வீடு. ஆறில் செவ்வாய் இருந்தால் கல்யாணத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதற்கு இடப்பக்கத்து வீடு துலாம். அது ஏழு. ஏழில் செவ்வாய் என்றால் தோஷம். எங்கள் பக்கத்தில் பாதி வரன்கள் அந்த ஒரு சொல்லில்தான் முறிகின்றன. மெயிலின் அடியில் ‘இதைச் சம அகல எழுத்தில் பார்க்கவும்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். தங்கையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். “அச்சடிச்ச மாதிரி இருக்குண்ணா” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்குப்பத்தில் கறிக்கடை வரிசையில் நின்றிருந்தபோது பையனின் அப்பா கூப்பிட்டார்.

“தம்பி, ஜாதகம் பார்த்தோம். பொண்ணுக்கு ஏழுல செவ்வாய் இருக்குதுன்னு ஜோசியர் சொல்றாருங்க. அதான்...”

அந்த ‘அதான்’ எனக்குப் போதுமாக இருந்தது. எத்தனை வீட்டில் கேட்ட ‘அதான்’ அது. “சார், எங்க ஜாதகத்துல ஏழுல செவ்வாயே கெடையாது. பொண்ணுக்கு வயசு ஜாஸ்தின்னா நேரா சொல்லுங்க. இல்லாத செவ்வாய் மேல ஏன் பழியைப் போடுறீங்க” என்றேன்.

“இல்லீங்க தம்பி, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். வைங்க போனை.” அவர் வைப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கறி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

தங்கை கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே பேனாவை மூடி வைத்தாள்.

“வேணாம்னுட்டாங்க” என்றேன். “இல்லாத செவ்வாயைச் சொல்லிக் கழிச்சுக் கட்டுறாங்க.”

“அவரும் அப்படித்தான் சொன்னாராமா?”

“அப்பன் சொன்னா மவன் சொன்ன மாதிரிதான். நம்மள அவமானப்படுத்துனவங்க சகவாசமே வேணாம். மொதல்ல அந்த நம்பரை பிளாக் பண்ணு.”

 அவள் கைபேசியை எடுத்து, பிளாக் செய்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான் தலையாட்டினேன். அவள் மறுபடி பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் கொஞ்சம் இறங்கியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழியை அவள் பக்கம் தள்ள இதுவும் ஒரு வழிதான்.

நான் கத்தியதோடு முடிந்துவிடவில்லை. அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “அவுங்க ஜோசியர் சும்மா சொல்லுவாராடா? நம்ம நோட்டை எழுதுனவருதான் தப்பா எழுதிட்டாரோ என்னவோ” என்று ஆரம்பித்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவரிடம் காட்டச் சொன்னேன். “நோட்டே தப்புன்னா அதை வச்சு எவன் பாத்தாலும் தப்பாத்தான சொல்லுவான்” என்றாள். செவ்வாய்க்கிழமைதோறும் தங்கையை விரதம் இருக்க வைத்தாள். பள்ளிக்குக் காலையில் ஒரு டம்ளர் பாலோடு போவாள். மாதம் ஒரு செவ்வாய் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய், செவ்வாய்க்கு அர்ச்சனை செய்துவிட்டு வர வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் போய் அங்கே பஸ் மாற வேண்டும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவள் தலையைக் குனிந்தபடியே நிற்பாள் என்று அம்மாதான் ஒருநாள் என் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டாள். இது போதாதென்று, தரகரிடம் “செவ்வாய் இருக்கிற பையனா பாருங்க” என்று அம்மாவே சொல்லிவைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்தவை ஒரு தினுசாக இருந்தன. மங்கலம்பேட்டையிலிருந்து மனைவியை இழந்த ஒருவர் வந்தார், என்னைவிட மூத்தவர். தங்கை அவருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. ஒருநாள் காலையில் ஷிஃப்ட் பார்க்கும் மேடம் என் அறைக்கு வேகமாக வந்தார். “சார், நாலாம் நம்பர் தொட்டி காலியாங்க? நேத்து ரொப்புனோமே.”

“காலி இல்ல மேடம். அஞ்சுதான் காலி. பட்டியலை ஒழுங்காப் பாருங்க.”

அவர் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் காலைப் பட்டியல்தான். எழுத்தெல்லாம் வேறு அகலத்தில், ஸ்பேஸெல்லாம் ஒடுங்கிப்போய், எண்கள் இடப்பக்கம் சரிந்து வேறு தலைப்புகளுக்குக் கீழே நின்றன. நாலாம் தொட்டிக்குக் கீழே ஒன்றுமில்லை. “கம்ப்யூட்டர்ல தொறந்து பாருங்க, எத்தன தடவ சொல்றது” என்று தொடங்கினேன். பாதியிலேயே வாய் நின்றுவிட்டது. கீழ் வரிசையின் அந்த மூன்று காலி வீடுகள் ஞாபகம் வந்தன.

மேடம் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். என் கைபேசியில் அந்தப் பழைய மெயிலைத் தேடித் திறந்தேன். மேல் வரிசை அப்படியே இருந்தது. முதல் வீட்டில் குரு உட்கார்ந்திருந்ததால் லக்னம் அதிகம் அசையவில்லை. கீழ் வரிசையில் மூன்று வீட்டு ஸ்பேஸும் ஒடுங்கி, செவ்வாய் இடப்பக்கம் வந்து, துலாத்தின் நட்டநடுவில் நின்றது. யார் பார்த்தாலும் ஏழு என்றுதான் சொல்வார்கள். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் செவ்வாயை அங்கே கொண்டுபோய் வைத்தது நான்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் அம்மா தூங்கும் நேரம் பார்த்து நோட்டை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். கணினிக் கோளாறு என்று சொல்லலாம். எழுத்துரு மாறிவிட்டது என்று சொல்லலாம். அதற்கப்புறம் நோட்டைத் திறந்து காட்டிவிட்டால் போதும், நல்ல மனிதர்கள், புரிந்துகொள்வார்கள். எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

பையனின் அப்பா வாசலிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டார். அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறோம். “வாங்க தம்பி” என்றார். உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் நோட்டைத் திறந்து வைத்து, எழுத்தின் அகலம், ஸ்பேஸ், கைபேசி என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். மாணவர் லாட்ஜுகளுக்கு நடுவில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் என் மெயிலைப் பிரிண்ட் எடுத்திருக்கிறார். ஜோசியர் அதன் மேல் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கட்டம் போட்டிருந்தார், நான் போடாமல் விட்ட கோடுகளை. செவ்வாய் ஏழாம் கட்டத்துக்குள் பத்திரமாக இருந்தது.

“கீழ ஏதோ சம அகலம்னு எழுதியிருந்தீங்க. எனக்கு அது வெளங்கல. கண்ணாடி போட்டுப் பாக்கச் சொல்றீங்களோன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றார். பிறகு நோட்டையும் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எண்ணிப் பார்த்தார். “ஆமா. ஆறுதான்.”

“மன்னிச்சுக்குங்க சார். இது தெரியாம உங்கள ஏதேதோ பேசிட்டேன். நீங்க வேணாம்னு சொன்னது நியாயம்தான். இப்பதான் எல்லாம் தெளிவாயிடுச்சே, மறுபடி...”

“தம்பி” என்று நிறுத்தினார். குரல் உயரவே இல்லை. “நான் அன்னிக்கு வேணாம்னு சொல்லக் கூப்புடல.”

எனக்கு விளங்கவில்லை.

“பையன் இந்தப் பொண்ணுதான்னு நின்னுட்டான். ஜோசியரும் ஒரு பரிகாரம் பண்ணிட்டு முடிச்சுக்கலாம்னாரு. அதான், நீங்க வைத்தீஸ்வரன் கோயிலுக்கு எப்ப வர்றீங்க, ரெண்டு குடும்பமும் சேந்தே போயிடலாமான்னு கேக்கத்தான் கூப்புட்டேன். நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க.”

மோர் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினேன். அவர் தொடர்ந்தார். “செவ்வாய் எங்களுக்குப் பெரிசில்ல தம்பி. அப்பாவை இப்படிப் பேசுன வீட்டுல எப்படிப் போயி பொண்ணு எடுக்கறதுன்னு பையனோட அம்மா அழுதா. அப்பவும் அவன் பொண்ணுக்குப் பேசிப் பாத்தான். போன் போகல. சரி, அவுங்களுக்கும் விருப்பமில்லன்னு விட்டுட்டோம்.” சற்று நிறுத்தி, “போன மாசம் விருத்தாசலத்துப் பக்கம் நிச்சயம் பண்ணியாச்சு” என்றார்.

நான் எழுந்தேன். வாசல்வரை வந்தார். “தங்கச்சிக்கு நல்லா அமையும்” என்றார், அதைக் கோபமில்லாமல் சொன்னார். திட்டி அனுப்பியிருந்தால் திரும்பும் வழி கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் வரும்வரை நோட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் எழுத்தால்தான் நகர்ந்தது, அது நிஜம். ஆனால் அந்தச் செவ்வாயைத் தாண்டி ஒரு மனிதர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் வாயை அடைத்தது எந்த எழுத்தும் இல்லை.

வீட்டில் தங்கை பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கைபேசியையும் நோட்டையும் அவள் முன்னால் வைத்து, கன்னியிலிருந்து துலாத்துக்கு எப்படி நகர்ந்தது என்று காட்டினேன். உனக்குத் தோஷம் எதுவும் இல்லை, விரதத்தை இன்றோடு விடு என்றேன். சிதம்பரம் போய்வந்ததையும் அங்கே நிச்சயம் ஆகிவிட்டதையும் சொன்னேன். அவள் திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நிச்சயம் என்றதும் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.

அடுத்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பேசவிடாமல் நான் போனை வைத்த விஷயம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் கையைத் தொட்டாள்.

“விடுண்ணா. நீ எனக்கு நல்லது நெனச்சுத்தான செஞ்ச. எழுத்து நகந்ததுக்கு நீ என்ன பண்ணுவ” என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரத்தில் அரிசி கொட்டும் சத்தம் கேட்டது. அங்கிருந்தே கேட்டாள்.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னிக்கு மொதல்ல வேணாம்னு சொன்னது அவுங்கதான? நான் நம்பரை பிளாக் பண்ணது தப்பில்லையே?”

“அவுங்கதான்” என்றேன்.